ஜெயில்ல இருந்து வெளிய வர்றவங்களுக்குத் துணை நிக்கறது: கேரளா - தமிழ்நாடு எல்லையில, கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் எப்படிச் செய்யறது?

படிப்பகம்_வண்ணாமடை:

வணக்கமுங்க. எங்க படிப்பகத்துல ஆறு பேர் சேர்ந்து, கேஸ்ல மாட்டி வெளிய வந்திருக்கற பசங்களுக்குத் துணையா இருக்கலாம்னு பேசியிருக்கோம். வயசு 19-ல இருந்து 26 வரைக்கும். ரேஷன் அரிசி கடத்தினது, கஞ்சாப் பொட்டலம், பைக் திருட்டு, அடிதடி, இதுக்குள்ள எல்லாம் அடங்கிரும். பாதிப் பேருக்குக் கேரளாவுல ஒரு கேஸ், தமிழ்நாட்டுல ஒரு கேஸ். மாசம் ஒரு கூட்டம் போட்டு நல்ல பேச்சாளரைக் கூப்பிடறதுதான் இப்போதைக்குத் திட்டம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குமாஸ்தா_சித்தூர்:

பேச்சாளருக்கு ஆகிற செலவுல ஒரு 200 பக்க நோட்டு வாங்குங்க, மிச்சமே இருக்கும். புதுசா ஒண்ணும் பண்ணாமலே திரும்ப உள்ள போற பசங்க இந்தப் பக்கம் நிறைய. வாய்தாவுக்குப் போகலைன்னா பிடிவாரண்ட். வாரண்ட் இருக்குன்னு பயந்து வேலைக்குப் போறதில்லை. வேலை இல்லைன்னா பழைய ஆளுங்க வாசல்லதான் போய் நிக்கணும். பாதிக் கதை அங்கயே முடிஞ்சுது.

நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம் போடாதீங்க, கேஸுக்கு ஒரு பக்கம் போடுங்க. ஸ்டேஷன், கிரைம் நம்பர் (அதாவது எஃப்.ஐ.ஆர். நம்பர்), வருஷம், கோர்ட், சி.சி. நம்பர் (கோர்ட் குடுக்கற கேஸ் நம்பர்), பிரிவு, வக்கீல், ஜாமீன்தாரர், ஜாமீன் கண்டிஷன், அடுத்த வாய்தா, அன்னைக்கு என்ன நடக்கப் போகுது. அப்புறம் சி.என்.ஆர். நம்பர், ஒவ்வொரு கேஸுக்கும் இருக்கற தனி அடையாள நம்பர்; எழுத்தும் எண்ணுமா 16 இடம் இருக்கும். அதை இ-கோர்ட்ஸ்ங்கற கோர்ட் ஆப்ல சேத்துட்டா சித்தூர் கேஸும் பொள்ளாச்சி கேஸும் ஒரே திரையில தேதி காட்டும். ஆப்பை மட்டும் நம்பியும் இருந்திராதீங்க. மாஜிஸ்ட்ரேட் லீவு போட்டா மொத்தக் கேஸும் வேற நாளுக்குப் போயிரும், அது ஏறறதுக்குச் சமயத்துல சாயங்காலம் ஆகும். வாய்தாவுக்கு முதல் நாள் வக்கீல் ஆபீஸ்ல ஒரு போன் கேட்டுக்கங்க.

ஒரே நாள்ல ரெண்டு கோர்ட்டுல வாய்தா விழுந்தா, ஒரு இடத்துல ஆப்சென்ட் பெட்டிஷன், அதாவது இன்னைக்கு வர முடியலைங்கற மனு போடணும். பழைய ஆளுங்க இன்னும் 317 பெட்டிஷன்னுதான் சொல்லுவாங்க. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா வந்த புது நாகரிக் சுரக்ஷா சட்டத்துல அது 355. காலையில கேஸ் கூப்பிடறதுக்கு முன்னாடி வக்கீல் கையில இருக்கணும். "மத்தியானம் போயிச் சொல்லிக்கலாம்"னு நெனச்சாத்தான் வாரண்ட் விழும். விழுந்துட்டாலும் ஒளியாம வக்கீலோட போயி ரீகால், அதாவது வாரண்டை ரத்து பண்ணக் கேக்கறதுதான் வழி. அதுக்கு அதே சட்டத்துல பிரிவு 72. ஒளிஞ்சுட்டுத் திரிஞ்சா, ஆஜராகாததுக்கே, இ.பி.கோ.வுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 269-ல தனிக் கேஸ் போட இடமிருக்கு.

இன்னொண்ணு. 2024 ஜூலை 1-க்கு முந்தி நடந்த குத்தத்துக்குப் பழைய இ.பி.கோ. பிரிவுதான் ஓடும். ஒரே பையனுக்குப் பழைய நம்பர்ல ஒண்ணு, புது நம்பர்ல ஒண்ணுன்னு இருக்கும். குழப்பிக்காதீங்க.

மூங்கில்மடை:

குமாஸ்தா அண்ணன் சொன்னதோட சேத்து ஒண்ணு. சித்தூர் தாலூகாவுல நம்ம பசங்க மலையாளம் நல்லாப் பேசுவாங்க, பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது. மலையாளத்துல சம்மன் வந்தா, கையெழுத்துப் போட்டு வாங்கி ஓட்டுல சொருகி வெச்சிருப்பாங்க. வீட்டுக்குப் போனா மொதல்ல "கவர்மெண்ட் காகிதம் ஏதாச்சும் வந்துச்சா"ன்னு அம்மாகிட்டக் கேளுங்க. பையன்கிட்டக் கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவான்.

அரசு ஆபீஸுக்கு மனு எழுதறதுக்கு மலையாளம் தெரியலையேன்னு தயங்க வேண்டாம். 1969 ஆட்சிமொழிச் சட்டத்துலயே கேரளாவுல இருக்கற தமிழ், கன்னடச் சிறுபான்மைக்கு அவங்க மொழியில எழுத உரிமை இருக்கு.

ஓய்வு_நன்னடத்தை:

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பையன்களில் சிலர் ஜெயிலுக்கே போக வேண்டியதில்லை.

1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், பிரிவு 4: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், தண்டனைக்குப் பதிலாக, ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கி அதிகபட்சம் 3 ஆண்டு நன்னடத்தைப் பத்திரத்தில் விடலாம். நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வை வேண்டுமென்று உத்தரவிட்டால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. 21 வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்பினால், ஏன் நன்னடத்தையில் விடவில்லை என்று நீதிமன்றம் காரணம் எழுத வேண்டும். அது பிரிவு 6. பிரிவு 12-ஐ யாரும் சொல்லித் தருவதில்லை. பிரிவு 3 (கண்டித்து விடுவது) அல்லது 4-இன் கீழ் விடப்பட்டவருக்கு, தண்டனை பெற்றதால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது.

எல்லையில் தடுக்கும் இடம் பிரிவு 4(1)-இல் வரும் நிபந்தனை. குற்றவாளிக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடம் அல்லது வழக்கமான தொழில் இருப்பதாக நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும். பொள்ளாச்சியில் கேஸ், வீடு கேரளப் பக்கம் எருத்தேன்பதியில் என்றால் "நம் எல்லையில் இல்லை" என்று தயக்கம் வரும். ஆனால் அந்தப் பிரிவு நீதிமன்ற எல்லையை மட்டும் சொல்லவில்லை. பத்திரக் காலத்தில் அவன் வாழக்கூடிய இடத்தையும் சேர்த்தே சொல்கிறது. வக்கீல் அந்த வரியைக் காட்ட வேண்டும். கூடவே வீட்டு முகவரிச் சான்றும் வேலை தருபவரின் கடிதமும் வைத்தால் வாதத்துக்கு வலு வரும். தன்னார்வலர் செய்யக்கூடிய உருப்படியான வேலை இந்த இரண்டு காகிதத்தையும் தீர்ப்புக்கு முன்பே தயார் செய்து வைப்பதுதான். தீர்ப்பன்று ஓடினால் கிடைக்காது.

கஞ்சாக் கேஸில் இந்தக் கணக்கு மாறும். போதைப்பொருள் சட்டம் பிரிவு 33, 18 வயதுக்கு உட்பட்டவர் அல்லது 26 (உரிமம் பெற்றவரின் விதிமீறல்), 27 (பயன்படுத்தியது) பிரிவுக் குற்றம் என்றால்தான் 1958 சட்டத்தைத் தொட விடுகிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் சிறு அளவோடு பிடிபட்டால் பிரிவு 39-இல் சிகிச்சைக்கு விடலாம். கஞ்சாவில் சிறு அளவு என்பது 1 கிலோ வரை.

கேரளப் பக்கம் நன்னடத்தை அலுவலர் சமூகநீதித் துறையின் கீழ் வருகிறார். 'நேர்வழி' என்ற திட்டமும், விடுதலையானவர்களுக்குச் சுயதொழில் உதவியும் அந்த அலுவலகம் வழியாகத்தான். தமிழ்நாட்டில் இது சிறை மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆபீஸில் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

பொள்ளாச்சி_நாரு:

கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா போலீஸ் உங்களையும் சேத்துத்தான் பாக்கும். எல்லையைத் தாண்டற வேலந்தாவளம், கோபாலபுரம் ரோட்டுல அந்தப் பையனைக் கார்ல ஏத்திட்டுப் போறீங்க, அவன் பையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

குமாஸ்தா_சித்தூர்:

நியாயமான கேள்விங்க. அதனால கட்டாய விதி: எல்லை தாண்டறதுன்னா பஸ். சொந்த வண்டி கிடையாது. அவங்க பை, பார்சல், சாக்கு எதையும் கையில வாங்கக் கூடாது, வீட்டுல வெச்சுக்கவும் கூடாது. அவங்க ஏடிஎம் கார்டை வாங்கி வெக்கக் கூடாது. உங்க பேர்ல சிம் எடுத்துக் குடுக்கவே கூடாது.

ஜாமீனும் போடாதீங்க. அவன் ஆஜராகலைன்னா பத்திரத் தொகையை ஜாமீன்தாரர்கிட்ட வசூல் பண்ணுவாங்க, அது நாகரிக் சுரக்ஷா சட்டம் பிரிவு 491. அதை விடப் பெரிய சேதம், அன்னையில இருந்து நீங்க அவனுக்குத் துணை இல்லை, கடன்காரர். போனை எடுக்க மாட்டான். சொந்தக்காரங்க போடட்டும்.

அந்தப் பக்கத்து ஜாமீன்தாரரை இந்தப் பக்கத்துக் கோர்ட் ஏத்துக்கலைன்னா, 1978 மோத்தி ராம் தீர்ப்பை வக்கீலுக்கு ஞாபகப்படுத்துங்க. மத்தியப் பிரதேசத்துல ஒரு கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, அண்ணன் தம்பி சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு தள்ளுனாங்க. அது தப்புன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. எழுதினவர் நம்ம பாலக்காட்டுக்காரர் வி.ஆர். கிருஷ்ணய்யர். அவர் பொறந்த நாள் நவம்பர் 15-ஐத்தான் கேரளா நன்னடத்தை தினமாக் கொண்டாடுது.

காந்திபுரம்_சுந்தரி:

வெளிய வர்ற அன்னைக்கு என்ன செய்யணும்னு யாரும் எழுதலையே. கோவை மத்திய சிறை டாக்டர் நஞ்சப்பா ரோட்டுல, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். ஜாமீன் ஆர்டர் போயிச் சேந்து, கையெழுத்து முடிஞ்சு ஆளு வெளிய வர சாயந்திரம் ஆயிரும். அந்நேரம் கேட்டுல யார் நிக்கறாங்கன்னு பாருங்க. வீட்டு ஆளு யாரும் இல்லைன்னா பழைய கூட்டாளி பைக்கோட நிப்பான், கையில பாட்டிலோட. அன்னைக்கு ராத்திரி எங்க படுக்கறாங்கிறதுல அடுத்த மூணு மாசம் தீர்மானமாயிரும்.

கொண்டு போக வேண்டியது: ஒரு செட் துணி, செருப்பு, சாப்பாடு, உக்கடத்துல இருந்து ஊருக்கு டிக்கெட் காசு. கையில நோட்டா நீட்டாதீங்க, டிக்கெட்டை நீங்களே எடுங்க. கேக்க வேண்டியது: விடுதலைக் காகிதம், உள்ள வேலை செஞ்ச கூலி, உள்ள போறப்ப வாங்கி வெச்ச பொருள், மாத்திரை சாப்பிடறவனா இருந்தா மருந்துச் சீட்டும் மீதி மாத்திரையும். இதை அன்னைக்கே கேட்டு வாங்கணும். மறுபடி அந்தக் கேட்டுக்குப் போகச் சொன்னா எவனும் போக மாட்டான்.

வெளிய வர்றதுக்கு முன்கூட்டியே மனு போட்டு ஜெயில்லயே ஆளைப் பாக்கறது நல்லது. நண்பர்னு சொல்லிப் போனா விடறது அவங்க இஷ்டம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துல பாரா லீகல் வாலண்டியரா (சட்ட உதவித் தன்னார்வலரா) ரெண்டு பேரைச் சேத்துட்டா அடையாள அட்டையோட முறையாப் போகலாம். காவல்ல இருக்கறவங்களுக்கு இலவச வக்கீல், 1987 சட்டத்துலயே இருக்கு. போன் 15100.

அப்புறம் முதல் வாரத்துக் கொடுமை போன் நம்பர். மூணு மாசம் ரீசார்ஜ் பண்ணலைன்னா சிம் செத்துரும், நம்பர் வேற ஆளுக்குப் போயிரும். ஆதாருக்கும் பேங்க்குக்கும் வர்ற ஓ.டி.பி. யாரோ ஒருத்தருக்குப் போகும். முதல்ல புது சிம், அடுத்து ஆதார் மையத்துல விரல் வெச்சு நம்பர் மாத்தணும், அதுக்கப்புறம் பேங்க். இந்த வரிசை மாறினா மூணு நாள் அலைச்சல். ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கியிருக்கும், கே.வை.சி. குடுத்தாத்தான் திறக்கும். வேலை குடுக்கறவர் "அக்கவுண்ட் நம்பர் குடு"ன்னு கேக்கறப்ப இல்லைன்னு நின்னா, அந்த வேலை அடுத்தவனுக்கு.

தேங்காய்_களம்:

வேலை பத்திச் சொல்றேன். அரிசி லோடு ஏத்தற பையனுக்கு அன்னைக்கே கையில காசு. "மாசச் சம்பளம் வாங்கிக்கப்பா"ன்னா நிக்க மாட்டான். பிடிச்ச வண்டியை அதிகாரிங்க பறிமுதல் பண்ணிருப்பாங்க, வண்டிக்கு வாங்கின கடன் தவணை ஓடிட்டே இருக்கும், வீட்டுல வாரக் குழுக் கடன் வேற. அதனால முதல் ரெண்டு மாசம் தினக்கூலியோ பீஸ் ரேட்டோதான் ஒத்து வரும்: தேங்காய் உரிக்கறது, நார் மில், செங்கல் சூளை. தேங்காய் உரிக்கறதுல கை பழகறதுக்கே சில வாரம் ஆகும், அதுவரைக்கும் வருமானம் கம்மியாத்தான் இருக்கும். அதை முன்னாலயே சொல்லிருங்க, இல்லைன்னா மூணாம் நாள் ஓடிருவான்.

முதலாளிக்கு மூணு விஷயம். ஒண்ணு, அட்வான்ஸ் குடுக்காதீங்க. குடுத்த மறுநாள் ஆளைக் காணோம்னு ஆயிரும், அப்புறம் வெக்கப்பட்டு இந்தப் பக்கமே வர மாட்டான். ரெண்டு, சனிக்கிழமை சாயந்திரம் மொத்தக் கூலி வேண்டாம். கள்ளுக்கடை, கூட்டாளி, கையில காசு மூணும் ஒரே நேரத்துல சேருது. பாதியை திங்கக்கிழமை காலையில குடுங்க. மூணு, வாய்தா நாளுக்கு லீவு.

கேரளப் பக்கம் சுமடு (சுமை தூக்கற) வேலைக்கு ஆசைப்படறவங்க பாத்துக்கங்க, 1978 சுமட்டுத் தொழிலாளர் சட்டப்படி பதிவு அட்டை இல்லாம லோடு தொட்டா யூனியனோட தகராறு. அடிதடிக் கேஸ் இருக்கறவனுக்கு அது ஆகவே ஆகாது.

பொள்ளாச்சி_நாரு:

முதலாளிகிட்டக் கேஸ் இருக்குன்னு சொல்லணுமா வேண்டாமா? மறைச்சா நாளைக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

தேங்காய்_களம்:

சொல்லணும், ஆனா பையன் சம்மதிச்சா மட்டும். என்ன கேஸ்னு விளக்கம் வேண்டாம். "கோர்ட்டுக்கு மாசம் ஒரு நாள், ரெண்டு நாள் போகணும்"ங்கறது போதும். மில்லுல பத்துப் பேருக்குத் தெரிஞ்சா, அடுத்த வாரம் எது காணாமப் போனாலும் அவன் பேர்தான் வரும்.

ஓய்வு_நன்னடத்தை:

18 வயதுக்கு முன் நடந்த கேஸ் என்றால் வாயே திறக்கக் கூடாது. 2015 இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 24 தகுதியிழப்பை நீக்குகிறது, பிரிவு 74 அடையாளத்தை வெளியிடுவதையே தடுக்கிறது. படிப்பகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் "திருந்திய இளைஞர்களுக்குப் பாராட்டு விழா" என்று போட்டோ போடும் பழக்கமும் வேண்டாம், வயது என்னவாக இருந்தாலும். சால்வை போர்த்தியவருக்குப் பேர் வரும், பையனுக்கு அந்தப் படம் ஆயுசுக்கும் நிற்கும்.

செவிலி_மலர்:

போதைப் பக்கம் யாரும் தொடலை. தம்பிங்களா, இதுல தப்புப் பண்ணினா உயிர் போயிரும்.

தினமும் நிறையக் குடிக்கறவன் திடீர்னு நிறுத்தினா, கடைசியாக் குடிச்சதுல இருந்து 6 மணி நேரத்துக்கு மேல கை நடுக்கம், வியர்வை தொடங்கும். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டு மூணு நாள் கழிச்சு இல்லாததைப் பாக்கறது, ஆள் தெரியாமப் பேசறது வரலாம். "ரூம்ல போட்டுப் பூட்டி நிறுத்திடலாம்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. குடியை நிறுத்தறதுக்குன்னு சோத்துல தெரியாமக் கலந்து குடுக்கற மாத்திரையும் வேண்டவே வேண்டாம். அதைச் சாப்பிட்டது தெரியாமக் குடிச்சா பிரஷர் இறங்கி விழுந்துருவாங்க.

வலி மாத்திரையைக் கரைச்சு ஊசி போடற பசங்களுக்கு ஆபத்து வேற மாதிரி. உள்ள இருந்த மாசங்கள்ல உடம்பு அந்தப் பழைய அளவைத் தாங்கற சக்தியை இழந்திருக்கும். வெளிய வந்து பழைய அளவையே போட்டா மூச்சு நிக்கும். முதல் ரெண்டு வாரம்தான் ரொம்ப மோசம். இதை அவன்கிட்டயும் வீட்டுலயும் வெளிப்படையாச் சொல்லணும். "நீ போட மாட்டே, எனக்குத் தெரியும்"னு நாசூக்காப் பேசறது உதவாது. ஊசி போட்டவங்களுக்கு எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை சி சோதனையும் எடுக்கணும்.

கேரளாவுல எக்சைஸ் துறையோட விமுக்தி போதை மீட்பு மையம் இருக்கு. போதை மீட்பு உதவிக்குத் தேசிய எண் 14446. தானா வந்து சிகிச்சை எடுத்தா, சிறு அளவுக்கும் பயன்படுத்தினதுக்கும் வழக்கில இருந்து விலக்கு குடுக்கற பிரிவு 64ஏ போதைப்பொருள் சட்டத்துல இருக்கு. சிகிச்சையைப் பாதியில விட்டா அந்த விலக்கைத் திரும்ப எடுத்துக்கலாம்.

படிப்பகம்_வண்ணாமடை:

பேச்சாளர் திட்டத்தைத் தூக்கிப் போட்டாச்சுங்க. கோவை ஜெயிலைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினா சின்னப் பசங்க பயப்படுவாங்கன்னு ஒரு யோசனை. எத்தனை பேரை எடுத்துக்கலாம், வாரம் எத்தனை தடவை பாக்கணும்?

ஓய்வு_நன்னடத்தை:

ஜெயிலைக் காட்டிப் பயமுறுத்துவது அமெரிக்காவில் பல இடங்களில் செய்து, முறையாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். போய்ப் பார்த்த பையன்கள், போகாதவர்களைவிட அதிகமாகத்தான் குற்றத்தில் சிக்கினார்கள். அதை விட்டுவிடுங்கள். எல்லாரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைப்பதும் ஆகாது. முதல் தடவை பைக் எடுத்தவனை நாலு கேஸ் காரனோடு சேர்த்தால், கெட்டதைக் கற்றுக்கொள்வது அந்தப் புதியவன்தான். முதல் கேஸ் காரனுக்குக் காகித வேலை மட்டும் முடித்துக் கொடுத்து விலகிக்கொள்ளுங்கள். உங்கள் நேரம் திரும்பத் திரும்பப் போகிறவனுக்குத் தேவை.

கனடாவில் 1994-இல் தொடங்கிய, விடுதலையானவர்களுக்கான ஆதரவு வட்டங்களில் ஒருவரைச் சுற்றி நாலைந்து தன்னார்வலர்கள். ஜப்பானில் ஹோகோஷி என்ற தன்னார்வலர்கள் நாற்பதாயிரத்துக்கு மேல். மாதம் ஓரிரு முறை சந்தித்து நன்னடத்தை அலுவலகத்துக்கு அறிக்கை தருகிறார்கள். 2024-இல் ஓட்சு நகரில் ஒரு ஹோகோஷி கொலையானார், மேற்பார்வையில் இருந்தவரே கைதானார். தனியாக, வீட்டில், இரவில் சந்திக்காதீர்கள் என்பது அதனால்தான். ஆறு பேர் என்றால் இரண்டு பையன்கள் போதும், ஆளுக்கு மூன்று பேர். முதல் வாரம் தினமும் போன், முதல் மாதம் வாரம் இரண்டு சந்திப்பு, பிறகு வாரம் ஒன்று. ஒரு வருடம் நிற்க முடியாதென்றால் தொடங்காதீர்கள். மூன்றாம் மாதம் காணாமல் போகும் துணை, துணையே இல்லாததைவிடக் கெடுதல்.

குமாஸ்தா_சித்தூர்:

ஆளை எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி. குற்ற நடைமுறைச் சட்டத்தோட பழைய 107, 110, அதாவது இப்ப நாகரிக் சுரக்ஷா 126, 129-ல, அமைதியா ஒழுங்கா இருப்பேன்னு பத்திரம் எழுதிக் குடுத்திருக்கானா? இருந்தா சின்னக் கைகலப்புக்கே பத்திரம் மீறினதாச் சொல்லி மீதிக் காலத்துக்கு உள்ள போட இடமிருக்கு. திருவிழா, தேர்தல் நேரத்துல அவனைத் தள்ளி வெக்கறது உங்க வேலை.

ரெண்டாவது, காப்பா. சமூக விரோதச் செயல்களைத் தடுக்கற 2007 கேரளச் சட்டம், 15-ஆம் பிரிவுல ஒரு வருஷம் வரைக்கும் மாவட்டத்துக்குள்ள நுழையத் தடை போடலாம். பாலக்காட்டுல தடை வாங்கினவன் பொள்ளாச்சியில ரூம் எடுத்துட்டு, ராத்திரி மனைவி குழந்தையைப் பாக்க வேலந்தாவளம் தாண்டி வருவான். அங்கதான் பிடிபடுவான். குழந்தையைப் பொள்ளாச்சிப் பக்கம் கூட்டிட்டுப் போயிக் காட்டறதுக்கு வாரம் ஒரு நாள் ஏற்பாடு பண்ணிக் குடுங்க. பஸ் காசுதான் செலவு.

கண்டிஷன் ஜாமீன்ல தினமும் காலையில பத்தரை மணிக்கு எல்லை தாண்டிப் போயிக் கையெழுத்துப் போடறவனுக்கு எந்த வேலையும் நிக்காது. கொஞ்ச நாள் ஒழுங்காப் போட்டதைக் காட்டி, வாரம் ஒரு நாளா மாத்தச் சொல்லி ரிலாக்ஸ் பெட்டிஷன் போடுங்க. வேலைக் கடிதம் கூட வெச்சா நல்லது.

பொள்ளாச்சி_நாரு:

சரிங்க, ஒத்துக்கறேன். கடைசியா ஒண்ணு. பையன் மறுபடி லோடு ஏத்தறான்னு உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு. போலீஸ்ல சொல்லுவீங்களா?

காந்திபுரம்_சுந்தரி:

முதல் சந்திப்புலயே அவன்கிட்ட எல்லையைச் சொல்லிரணும். "ஒருத்தரை அடிக்கப் போறே, குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சொல்லுவேன். போலீஸ் வந்து நேராக் கேட்டாப் பொய் சொல்ல மாட்டேன். மத்தபடி நான் ஒற்றன் இல்லை." லோடு ஏத்தறான்னு தெரிஞ்சா மூணு பேரும் சேந்து உக்காந்து, எந்தக் கடன் எந்தக் கிழமை நெருக்குதுன்னு கேளுங்க. பெரும்பாலும் வாரக் குழுத் தவணை நாளாத்தான் இருக்கும். அந்தக் கிழமைக்கு முந்தின நாள் கூலி கையில வர்ற மாதிரி களத்துக்காரர்கிட்டப் பேசி மாத்துங்க. அதுக்கு மேலயும் போனான்னா, வாய்தா வேலையை மட்டும் வெச்சுட்டு மத்ததை நிறுத்திருங்க. வாய்தாவை மட்டும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தாதீங்க.

படிப்பகம்_வண்ணாமடை:

நோட்டு வாங்கியாச்சுங்க. சித்தூர் கேஸ் மூணுக்கு சி.என்.ஆர். கிடைச்சுது. பொள்ளாச்சி கேஸ் ஒண்ணுக்கு கிரைம் நம்பர் மட்டும்தான் இருக்கு, ஆப்ல வரவே மாட்டேங்குது.

குமாஸ்தா_சித்தூர்:

குற்றப்பத்திரிகை இன்னும் கோர்ட்டுல நம்பர் ஆகியிருக்காது தம்பி. ஆப்ல எஃப்.ஐ.ஆர். நம்பர் வெச்சுத் தேடற இடம் தனியா இருக்கும், ஸ்டேஷன் பேரும் வருஷமும் போட்டு பாருங்க. அதுலயும் வரலைன்னா கோர்ட் ஆபீஸ்ல வக்கீல் குமாஸ்தாவை விட்டுக் கேக்கணும். பையனை ஸ்டேஷனுக்குத் தனியா அனுப்பி விசாரிக்கச் சொல்லாதீங்க.